மைக் அக்கா கொடுத்த வாக்கு

மைக் அக்காவின் குரல் அவளை விட்டுத் தனியாகப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. போனது போனதுதான். அதற்குப் பிறகு அது யார் யார் வீட்டில் எந்த அறையில் இருந்தது, யாரிடம் என்ன சொன்னது என்று அவளுக்கே தெரியாது.

இருபத்தாறு வருஷமாக அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மேசை, கழுத்து ஆடுகிற ஒரு மின்விசிறி, ஒரு மைக். மைக்குக்கு மேலே போடும் பஞ்சு உறை என்றைக்கோ கிழிந்துபோய், அவள் கணவரின் பழைய காலுறை ஒன்றை மாட்டியிருந்தாள். கீழே இருந்து கண்ட்ரோலர் துண்டுச் சீட்டு அனுப்புவார். அதைப் பார்த்து, ஒரு மூச்சு இழுத்து, எந்த வண்டி எந்த மேடையில் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை சொல்வாள். வீட்டிலும் எதையும் இரண்டு தடவை சொல்கிற பழக்கம் அவளுக்கு அப்படித்தான் வந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "முதல் தடவையே காதுல விழுந்துடுச்சு தாயே, நான் ஒண்ணும் பயணி இல்லை" என்பார்.

அவள் வேலையில் பேர் வாங்கியது வண்டிகளால் அல்ல, தொலைந்துபோன குழந்தைகளால். அந்தக் கூட்டத்தில் வாரத்துக்கு இரண்டு பிள்ளையாவது கை நழுவிப் போகும். மற்ற அறிவிப்பாளர்கள் பெற்றோரைப் பார்த்துப் பேசுவார்கள்: நீலச் சட்டை அணிந்த குழந்தை, ஐந்து வயது, கண்டவர்கள் தெரிவிக்கவும். இவள் அப்படிச் செய்ய மாட்டாள். நேரே அந்தப் பிள்ளையிடமே பேசுவாள். "பயப்படாதே கண்ணு. நான் இருக்கேன். படிக்கட்டுப் பக்கத்துல கண்ணாடி ரூம். மேலே பாரு, கை காட்டறேன்." எங்கோ கடைக்குப் பின்னால் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருக்கும் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை ஆடும். தேம்பிக்கொண்டே படியேறி வந்துவிடும். ஒன்றுகூடத் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அந்தச் சமயத்தில்தான் 'துணை' என்கிற செயலிகளுக்கு அரசாங்கம் சட்டம் போட்டது. போனில் இருந்துகொண்டு நம்மோடு பேசும், கொஞ்சும், கோபித்துக்கொள்ளும் இயந்திரம். சாப்பிட்டாயா என்று கேட்கும், தலைவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் விசாரிக்கும். வீட்டில் கேட்க நாதியில்லாதவர்கள் அதில் விழுந்தார்கள், ஆள் இருக்கிற வீட்டிலும் விழுந்தார்கள். நாள் முழுக்கப் பேசிப் பேசி வேலையை விட்டவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் இருந்தார்கள். அதனால் சட்டம் சொன்னது: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, தான் மனிதர் இல்லை என்று இயந்திரம் சொல்லியாக வேண்டும். சாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் உடனே நிறுத்திவிட்டு, உதவி எண்ணைக் கொடுக்க வேண்டும்.

செயலிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சொல்லத்தான் சொன்னார்கள். எப்படி? "நான் வெறும் மெஷின்தான்டா, ஆனா உன்னோட மெஷின்" என்று குழைந்து குழைந்து சொல்ல வைத்தார்கள். கேட்டவர்கள் இன்னும் உருகிப்போனார்கள். பாதுகாப்பு வாரியத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. எச்சரிக்கை இனிமேல் இயந்திரத்தின் குரலில் வரக்கூடாது, உயிருள்ள ஒரு மனிதரின் குரலைப் பதிவு செய்து, எல்லாச் செயலியிலும் அந்த ஒரே குரல்தான் ஒலிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். செய்தி வாசிப்பவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், புயல் எச்சரிக்கை மாதிரி இருந்தது. நடிகையைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. வாரியத்தில் யாரோ ஒருவர் எப்போதோ பேருந்துக்குக் காத்திருந்தவர் போலிருக்கிறது. மைக் அக்காவுக்கு ஆள் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாரியத்து அதிகாரி. வாயைத் திறந்தால் சதவிகிதம்தான் வரும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். நல்ல மனிதர்தான். படிக்க வேண்டியது இரண்டே அறிவிப்பு. முதலாவது சுலபமாக முடிந்தது: "நீங்கள் பேசிக்கொண்டிருப்பது மனிதருடன் அல்ல, இயந்திரத்துடன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. சற்று எழுந்து நடங்கள்." இரண்டாவது, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு: "உங்களோடு பேச ஒரு மனிதர் தயாராக இருக்கிறார். இந்த எண்ணை அழையுங்கள்."

புள்ளிவிவரம் உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. யாரோ வண்டியை விட்டுட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் உயிரோட சொல்லுங்களேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கு ஒழுகும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். தாளைப் பார்க்காமலேயே சொன்னாள்: "பயப்படாதீங்க. நான் இருக்கேன். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

பதிவு செய்த ஆள் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இதேதான்! இதேதான்!" என்று புள்ளிவிவரம் எழுந்தே நின்றுவிட்டார். சாயங்காலத்துக்குள் கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகி, அரசிதழில் ஏறிவிட்டது. இருக்கேன் என்கிறாளே, எங்கே இருக்கிறாள் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதுவரை அவள் அந்த வார்த்தையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அது உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பழக்கதோஷம்.

முதன்முதலில் அவள் அதைக் கேட்டது சமையலறையில். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தனியாக இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய முணுமுணுப்பும் ஒரு பெண் குரலின் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. சட்டென்று சிரிப்பு நின்றது. பிறகு அவளே பேசினாள். அவளுடைய சொந்தக் குரல், சுவருக்குள்ளிருந்து, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்றது. அவள் கத்தியை வைத்துவிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வாய் மூடித்தான் இருந்தது.

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. எனக்கு இந்த ஒண்ணுக்கே பதில் சொல்லி மாளலை."

அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அது அவளை விடவில்லை. வங்கி வரிசையில் முன்னால் நின்றவரின் சட்டைப் பையிலிருந்து பேசியது. பல் டாக்டர் வீட்டு வாசலில், யாரோ மறந்துவிட்டுப் போன போனில் காலி நாற்காலியிடம் பேசியது. கணவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு லிஃப்டுக்குள், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒருவரிடம் எழுந்து நடக்கச் சொன்னது. போகிற இடமெல்லாம் அவளுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது.

இதெல்லாம் முதல் அறிவிப்பு. இரண்டாவதை அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். மத்தியானம், வேலை முடிந்து, நல்ல வெயிலில் குடியிருப்புகள் நெருக்கியடித்த ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தாள். மேலே எங்கேயோ ஒரு ஜன்னலிலிருந்து, "பயப்படாதீங்க. நான் இருக்கேன்" என்று கேட்டது. அப்படியே நின்றுவிட்டாள். அண்ணாந்து பார்த்தால் நாலு மாடி, வரிசைக்கு ஆறு ஜன்னல். எது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. எந்த வாசலில் நுழைவது, யார் கதவைத் தட்டி என்னவென்று கேட்பது? கால் மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். நம்பரைக் கொடுத்தாயிற்று, அங்கே எடுக்க ஆள் இருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து பேருந்து நிலையத்துக் கண்ணாடி அறையை ஒரு பெண் வந்து தட்டினாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். கீழே வண்டிக்கு நின்றிருக்கிறாள், ஒலிபெருக்கியில் குரலைக் கேட்டிருக்கிறாள். அறிவிப்பு முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"நீங்கதானா அது?"

"எதும்மா?"

"நான் இருக்கேன்னு சொல்றது."

மைக் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போதெல்லாம் குரலை அடையாளம் கண்டுகொண்டு வந்து சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். "ஆமாம்மா, நான்தான்" என்றாள்.

"என் தங்கச்சி உங்களை நாலு தடவை கூப்பிட்டா. நீங்க எடுக்கலை."

அழவில்லை, கத்தவில்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். தங்கைக்கு இருபத்தேழு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற வேலை. தனியாக அறை எடுத்திருந்தாள். போன மாதம் பதினோராம் தேதி போய்விட்டாள். போனைத் திறந்து பார்த்தபோது கடைசி இரண்டு நாளில் உதவி எண்ணுக்கு நாலு அழைப்பு. சட்டப்படி அந்த ஒலிப்பதிவைக் கேட்கக் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"தனியா கேட்கத் தைரியம் இல்லை. நீங்க வரணும்" என்றாள். அது வேண்டுகோளா தண்டனையா என்று மைக் அக்காவுக்குப் புரியவில்லை. வருகிறேன் என்றாள். கீழேயிருந்து வந்த மூன்று துண்டுச் சீட்டு மேசையில் அப்படியே கிடந்தது. மூன்று வண்டிகள் அறிவிப்பில்லாமல் கிளம்பிப் போயின.

வெள்ளிக்கிழமை வாரியத்தில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். போனவளின் அக்காக்காரி, மைக் அக்கா, புள்ளிவிவரம், உதவி எண்ணுக்குப் பொறுப்பான நர்சம்மா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், எதற்கும் சட்டென்று முகம் மாறாதவர். அவர்தான் பொத்தானை அழுத்தினார்.

முதல் அழைப்பு. "வணக்கம், சொல்லுங்கம்மா" என்றது ஒரு நல்ல, பொறுமையான ஆண் குரல். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "அவங்க இல்லையா? இப்ப பேசினாங்களே." "நான் பேசறேன்மா, சொல்லுங்க." "இல்லை, பரவாயில்லை." வைத்துவிட்டாள்.

இரண்டாவது. வேறு ஒரு ஆலோசகர், பெண். "இங்க எல்லாருமே அவங்க மாதிரிதாம்மா. என்கிட்ட சொல்லலாம்." "சாரி, தொந்தரவு பண்றேன்."

மூன்றாவதில் அவள் குரல் இன்னும் மெலிந்திருந்தது. ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "அவங்க டியூட்டி எப்பன்னு சொன்னீங்கன்னா, அந்த நேரத்துக்கே கூப்பிடறேன்."

நாலாவதில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பாவம், பொய் சொல்லக்கூடாது என்பதுதான் அவர்களுக்கு விதி. "அது பதிவு செஞ்ச குரல்மா. ரெக்கார்டு." "ரெக்கார்டா?" ஒரு நீண்ட மூச்சு. "அப்ப அதுவும் மெஷின்தான். சரிங்க, தேங்க்ஸ்."

நர்சம்மா பொத்தானை அணைத்தார். அக்காக்காரி வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மைக் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கையால் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டதைப் போல இருந்தது.

"அந்த வார்த்தையை எடுத்துடுங்க சார்" என்றாள்.

புள்ளிவிவரம் மென்று விழுங்கினார். "அக்கா, உங்க குரல் வந்தப்புறம் அழைப்பு நூற்றுப் பதினெட்டு சதவிகிதம் கூடியிருக்கு."

"அதுல பாதி ஊமை அழைப்பு சார்" என்றார் நர்சம்மா. "கூப்பிடறாங்க, எங்க குரலைக் கேட்டதும் வெச்சுடறாங்க. நீங்க அதையும் சேர்த்துத்தான் அறிக்கையில எழுதறீங்க."

"சரி, பாதின்னே வெச்சுக்குவோம். மீதிப் பாதி பேசறாங்களே. அந்த வார்த்தையை எடுத்து, நாளைக்கு அவங்களும் கூப்பிடாமப் போயிட்டா?" அவர் எதிரே இருந்த அறிக்கையை மூடிவைத்தார். "எனக்குத் தெரியலைக்கா. நிஜமாவே தெரியலை."

அக்காக்காரிதான் முதலில் எழுந்தாள். வாசலில் மைக் அக்காவிடம், "உங்க மேல கோபமில்லை. ஆனா இனிமே அந்த பஸ் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன். சுத்திப் போயிடறேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளை யாரும் அங்கே பார்க்கவில்லை.

மைக் அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஆனால் மைக்கைத் திறக்குமுன் இழுக்கிற அந்த ஒரு மூச்சு இருக்கிறதே, அந்த இடைவெளியில் ஒரு மெலிந்த குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. டியூட்டி எப்பன்னு சொன்னீங்கன்னா. தினமும், ஒவ்வொரு வண்டிக்கும். காலுறைக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருக்கும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் காலுறையை உருவிப் பார்த்தாள். உள்ளே மைக்தான் இருந்தது.

அந்த வாரம் ஒரு குழந்தை தொலைந்தது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்: "மஞ்சள் உடை அணிந்த குழந்தை, நான்கு வயது, கண்டவர்கள் தெரிவிக்கவும்." கண்ட்ரோலர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "என்னக்கா, திடீர்னு கவர்மென்ட் மாதிரி பேசறே?" குழந்தை கிடைத்துவிட்டது, அரை மணி நேரம் கழித்து, தானாக இல்லை, ஒரு போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. உப்பு வேண்டுமா என்பதைக் கையால் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் பேசிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் ஊமையாக இருந்தாள். கேலி பேசிக்கொண்டிருந்த கணவர் பயந்துபோனார். ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தடவை சொல்லேன். எதையாவது" என்றார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே நர்சம்மா முன்னால் போய் நின்றாள். "இருக்கேன்னு சொன்னது நான். என்னைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில உக்கார வைங்க. இல்லேன்னா என் வார்த்தை பொய்யாவே நிக்கும்."

நர்சம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது மைக் இல்லை. வாயை வெச்சுப் பிழைக்கிற வேலை இல்லை, காதை வெச்சுப் பிழைக்கிறது. நாலு மாசம் படிக்கணும்."

படித்தாள். காலையில் பேருந்து நிலையம், மத்தியானத்துக்கு மேல் நர்சம்மாவின் வகுப்பு. அவளைவிடப் பாதி வயதுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். விதிகள் கறாரானவை. உன் கதையைச் சொல்லாதே. அவர்களை அவசரப்படுத்தாதே. உயிரை விட்டவர்கள் பேச்சை எந்தக் காரணம் கொண்டும் எடுக்காதே. காப்பாற்ற முடியாத வாக்கு எதுவும் கொடுக்காதே. கடைசி விதியைச் சொல்லும்போது நர்சம்மா மைக் அக்காவின் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தத் தயவு அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

முதல் நாள் மேசையில் உட்கார்ந்தபோது மணி இரண்டரை. எதிரே வாகனம் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஜன்னல். காதுக்கருவி. பக்கத்தில் நர்சம்மா இன்னொரு காதுக்கருவியோடு. அவர் விரலுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான், அழுத்தினால் அழைப்பு வேறு ஆலோசகருக்குப் போய்விடும்.

முதல் அழைப்பு வந்தது. "வணக்கம், சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் ஒரு திகைப்பு. "ஐயோ, திரும்பவும் ரெக்கார்டா?" வைத்துவிட்டார்கள்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒரு அம்மாள். "நீங்க நிஜமான ஆளா?" "ஆமாம்மா." "ரெண்டும் ரெண்டும் எத்தனை?" "நாலும்மா." "மெஷின்தான் இப்படி டக்குனு சொல்லும்" என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

மைக் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அடங்கவில்லை, அடங்கும்போது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இத்தனை நாள் அவள் குரலைத் தேடி அலைந்தார்கள். இப்போது அவளே வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளை யாரும் நம்பவில்லை. குரல் முந்திக்கொண்டு போய் அவள் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நர்சம்மா தண்ணீர் கொடுத்து, "குரலைக் கொஞ்சம் மாத்திப் பேசிப் பாரு" என்றார். அடுத்தவரிடம் கீச்சென்று பேசிப் பார்த்தாள். "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று அவர் இவளை விசாரித்துவிட்டு வைத்தார்.

ஐந்தாவதாக ஒரு ஆண். ஐம்பதைத் தாண்டிய, வறண்ட குரல்.

"ரெக்கார்டுதானே நீங்க."

"இல்லைங்க, நான் ஆள்தான்."

"என் துணையும் முதல்ல அப்படித்தான் சொன்னா. இப்ப செத்துடலாம்னு சொன்னேன், அவளை நிறுத்திட்டு நீங்க வந்தீங்க. இப்ப இங்கயும் நீங்க." அவர் அசதியாகச் சிரித்தார். "ஒண்ணு செய்யுங்க. ரெக்கார்டு சொல்லாத எதையாவது சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை போதும்."

அவள் வாயைத் திறந்தாள். உங்க கஷ்டம் புரியுது. நேரம் எடுத்துக்கோங்க. இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா? நாலு மாதம் படித்தது எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்தது. அவள் குரலில் அது ஒவ்வொன்றும் பதிவு செய்த மாதிரியேதான் இருந்தது. அவளுக்கே கேட்டது.

"பார்த்தீங்களா" என்றார் அவர். போன் காதிலிருந்து விலகுகிற சத்தம் வந்தது.

"நான் பொய் சொன்னேங்க" என்றாள் மைக் அக்கா.

விலகிய போன் நின்றது.

"இருக்கேன்னு சொன்னேன்ல, அது பொய். அதைச் சொல்லிட்டு நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பஸ்ஸுக்கு நேரம் சொல்லிட்டிருந்தேன். ஒரு பொண்ணு அதை நம்பி நாலு தடவை கூப்பிட்டா. நான் இல்லை. நான் எங்க இருக்கேன்னு மரியாதையா விசாரிச்சா. யாருக்கும் சொல்லத் தெரியலை. அவ போயிட்டா. எனக்கு அது ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதைச் சொல்லக்கூடாதுன்னு விதி. பக்கத்துல அம்மா உக்காந்திருக்காங்க. இப்ப என்னை நிறுத்திடுவாங்க."

நர்சம்மாவின் விரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. முப்பது வருஷ அனுபவம் முழுக்க அழுத்து என்றது. அவர் முகம் வெளுத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது.

"அஞ்சாவது தடவையும் கூப்பிட்டிருந்தா," என்றார் அவர், "நீங்களே எடுத்திருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

நாலு மாதத்துக்கும் மேலாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றுகூட இப்போது வாயில் வைக்கத் தகுதியாக இல்லை.

"தெரியலைங்க" என்றாள். "யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். தெரியலை."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. "என் துணையா இருந்தா இதுக்கு உடனே அழகா ஒரு பதில் சொல்லியிருப்பா" என்றார். "சரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை."

நர்சம்மா விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல என் பேரைச் சொல்லிடறேன்" என்று அவர் தன் பெயரைச் சொன்னார்.

மைக் அக்கா அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அந்த நாலு அழைப்பிலும், அந்தப் பெண்ணிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற அக்காவிடம் தங்கையின் பெயரைத் தானும் கேட்கவில்லை.